பாலை வேரில் சப்போட்டா: வன்னி வளவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆனி பிறந்து, சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வலுத்ததும், இலங்கையின் வடக்கிலுள்ள வன்னி நிலப்பரப்பின் வீதியோரங்களிலும் சந்தைகளிலும் பாலைப்பழம் வந்துவிடும். சுண்டு என்ற சிறு அளவுப் பாத்திரத்தால் அளந்து கொடுக்கும் அந்தச் சிறிய மஞ்சள் பழங்களை வாங்கி, உதடு ஒட்ட ஒட்டத் தின்று, விதையைத் துப்பிவிட்டுப் போவது எங்கள் எல்லோருக்கும் பழக்கமான காரியம். இந்த வழிகாட்டி அந்தத் துப்பிய விதையில் இருந்து தொடங்குகிறது. வளவில் சப்போட்டா நட விரும்புகிற வன்னி மக்கள் முதலில் பாலைக் கன்றை உண்டாக்க வேண்டும், அதன் மேல் சப்போட்டாவை ஒட்ட வேண்டும் என்பதே நான் சொல்ல வந்த செய்தி. இரண்டு, மூன்று வருடப் பொறுமை இதற்குத் தேவைப்படும். அந்தப் பொறுமைக்குக் கிடைக்கும் மரமோ, எங்கள் கோடையைத் தாங்கி, நட்டவரின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் காய்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு குடும்பத்து மரங்கள்

பாலை, இலுப்பை, மகிழ், சப்போட்டா ஆகிய நான்கும் தாவரவியலில் சப்போட்டேசியே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வெப்பவலய நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களாகப் பரந்திருக்கும் இந்தக் குடும்பத்தின் மரங்களை அடையாளம் காண்பது கடினமன்று. இலையைக் கிள்ளினாலும் பட்டையைக் கீறினாலும் வெண்பால் வடியும்; இலைகள் தடித்து, கொப்பின் நுனியில் நெருங்கி நிற்கும். விதையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பாலை விதை, இலுப்பை விதை, சப்போட்டா விதை ஆகிய மூன்றையும் கழுவி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அளவும் நிறமும் வேறுபட்டாலும் மூன்றும் எண்ணெய் பூசியது போல மினுங்கும்; மூன்றிலும் பக்கவாட்டில் மினுக்கம் இல்லாத வெளிறிய தழும்பு ஒன்று இருக்கும். விதை பழத்தோடு ஒட்டியிருந்த இடம் அது.

இவற்றுள்ளும் பாலையும் சப்போட்டாவும் மனில்கரா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. சப்போட்டா மெக்சிக்கோவின் தெற்கிலும் மத்திய அமெரிக்காவிலும் பிறந்து, ஸ்பானியரின் கப்பல்களில் பிலிப்பைன்சுக்கு வந்து, பின்னர் ஆசியா முழுவதும் பரவிய மரம். அதன் வெண்பாலைக் காய்ச்சித்தான் முற்காலத்தில் சுவிங்கம் செய்தார்கள். எங்கள் பாலையோ இலங்கை, இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளின் வறண்ட காடுகளில் இயல்பாக வளரும் மரம். இவ்வளவு தூரத்தில் பிறந்த இரண்டும் வெட்டி வைத்துக் கட்டினால் ஒன்றாகிவிடுவதற்கு அந்த நெருங்கிய உறவே காரணம். இந்தியாவில் குஜராத், மகாராஷ்டிரத் தோட்டக்காரர் நெடுங்காலமாகப் பாலையையே சப்போட்டாவுக்கு அடிக்கன்றாக, அதாவது கீழே வேராக நின்று ஒட்டைத் தாங்கும் கன்றாக, பயன்படுத்தி வருகிறார்கள். இலுப்பையிலும் ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். வளர்ச்சியிலும் விளைச்சலிலும் அது பாலைக்கு ஈடாக வரவில்லை. அவர்கள் தேடி வளர்க்கும் அந்த அடிக்கன்று எங்கள் காட்டில் முதிரைக்கும் வீரைக்கும் பக்கத்தில் தானாக முளைக்கிறது. அதை வைத்துக்கொண்டே, தூரத்தில் இருந்து லொறியில் வந்த கன்றை வாங்கி நட்டு, முதற் கோடையிலேயே பறிகொடுப்பவர்களைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பெயரில் ஒரு மயக்கம் உண்டு. அதை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். ஏழிலைப்பாலை, வெட்பாலை, குடசப்பாலை என்று பாலைப் பெயர் கொண்ட வேறு மரங்கள் உள்ளன. அவற்றிலும் பால் வடியும். ஆனால் அவை அலரியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றில் சப்போட்டா ஒட்டாது. நமக்கு வேண்டியது மஞ்சட்பழம் பழுக்கும் பாலை. தமிழ்நாட்டில் உலக்கைப்பாலை என்று சொல்வதும் இதனைத்தான். உலக்கை செய்யத்தக்க அதன் வைரத்தின் பாரம், தண்ணீரில் இட்டால் தாழ்ந்துபோகும் அளவுக்கு உண்டு.

விதை எடுத்தல்

வைகாசி தொடங்கி ஆடி வரை பாலை பழுக்கும். விதைக்காக எடுக்கும் பழம் நன்றாகக் கனிந்து, தானாக உதிர்ந்ததாக இருப்பது நல்லது. பழத்துக்காகக் கொப்புகளை வெட்டி விழுத்துகிற வழக்கம் சில இடங்களில் உள்ளது. மிக மெதுவாக வளரும் மரம் அது. வெட்டிய கொப்பு மறுபடி காய்க்கப் பல வருடங்கள் செல்லும். மரத்தின் கீழ் ஒரு தறப்பாளையோ பழைய சாக்கையோ விரித்து வைத்தால் காலையில் போதிய பழம் கிடக்கும். கரடிக்கும் இந்தப் பழம் மிகவும் விருப்பமானது. ஆகவே காட்டோர மரங்களின் கீழ் விடியப்புறத்தில் தனியே போகவேண்டாம். காட்டிலாகாவின் ஒதுக்குக் காட்டுக்குள் புகுந்து கன்று பிடுங்குவது சட்டப்படி குற்றமாகும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள் எந்தப் பழத்துக்காகவும் கால் வைக்கக் கூடாது. வளவிலும் வீதியோரத்திலும் கோயிற்காணியிலும் நிற்கும் மரங்களே எமக்குப் போதும். அதுவும் இல்லையென்றால் சந்தையில் வாங்கிய ஒரு சுண்டுப் பழம் போதும்.

பழச்சதையை நீக்கிய விதையை மணலோடு சேர்த்துத் தேய்த்துக் கழுவினால் ஒட்டும் பால் போய்விடும். நிழலில் ஒரு நாள் உலரவிட்டு, பின்னர் ஓர் இரவும் ஒரு பகலும் தண்ணீரில் ஊறவிடுங்கள். மிதப்பவற்றை எறிந்துவிடலாம். ஊறிய விதையை அந்தக் கிழமைக்குள்ளேயே போட்டுவிட வேண்டும். வெயிலில் காயவைத்துப் போத்தலில் போட்டு, மாரி தொடங்கட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு முளை கிடைப்பது அரிது. விதையின் மேலோடு தடித்தது என்பதால் முளைக்க ஒரு மாதமும் அதற்கு மேலும் ஆகும். சில விதைகள் இரண்டாவது மாதத்தில்தான் தலை காட்டும். பாத்தியைக் கிளறிப் பார்க்காமல் ஈரத்தை மட்டும் காத்துக்கொண்டிருங்கள்.

மணலும் மட்கிய மாட்டெருவும் காட்டுமண்ணும் சம அளவில் கலந்த பாத்தியில், ஒரு விரற்கணு ஆழத்தில் விதையை இட்டு, மேலே மெல்லிய வைக்கோல் பரப்பலாம். இரண்டு சோடி இலை வந்ததும் கன்றைப் பொலித்தீன் பைக்கு மாற்ற வேண்டும். இங்கே பையின் உயரம் முக்கியம். வறண்ட நிலத்து மரமாகிய பாலை, மேலே நான்கு இலை விடுவதற்குள் கீழே ஆணிவேரை நீளமாக இறக்கிவிடும். குட்டையான பையில் அந்த வேர் அடியில் சுருண்டு, நட்ட பின்னும் சுருண்டபடியே தடித்து, மரத்தைப் பலவீனமாக்கும். ஒரு முழ உயரத்துக்குக் குறையாத பையாகப் பாருங்கள். சுத்தமாகக் கழுவிய உரப்பையை இரண்டாக வெட்டித் தைத்தாலும் போதும்.

கன்று பென்சில் மொத்தம் வர ஒன்றரை முதல் இரண்டு வருடங்கள் செல்லும். இந்தக் காலத்தில் அரைநிழல் நல்லது. கிழமைக்கு இருமுறை நீர் போதும். இடையில் வளர்ச்சி நின்றுவிட்டது போலத் தோன்றும் மாதங்கள் வரும். அப்போது பசளையை அள்ளிப் போட்டு வேரைக் கருக்கிவிடக் கூடாது.

ஒட்டுதல்

ஒட்டுவதற்குக் கொப்புத் தரும் சப்போட்டாத் தாய் மரத்தைத் தெரிவு செய்வதில் அவசரப்பட வேண்டாம். குறைந்தது இரண்டு காய்ப்பையாவது நீங்களே பார்த்த, பழத்தைத் தின்று சுவை அறிந்த மரமாக அது இருக்கட்டும். இந்தியாவில் காலிப்பட்டி, கிரிக்கெட் பால் என்று பெயர் பெற்ற வகைகள் உள்ளன. கிரிக்கெட் பால், பெயருக்கேற்பப் பெரிய உருண்டைப் பழம் தருவது, வறண்ட இடங்களுக்கு ஏற்றது. ஆனால் அயல்வீட்டு வளவில் இருபது வருடமாகக் காய்த்து நிற்கும் பெயரில்லாத மரம் இந்த மண்ணையும் காற்றையும் ஏற்கனவே வென்றது என்பதால், நான் அதற்கே முதலிடம் கொடுப்பேன்.

முதன்முறையாகச் செய்கிறவர்களுக்கு அணைத்து ஒட்டும் முறை பாதுகாப்பானது. ஒட்டு பிடிக்கும் வரை இரண்டு பக்கமும் தம் தம் வேரில் நிற்பதால் எதுவும் வாடிப்போகாது. பையிலிருக்கும் பாலைக் கன்றை, சப்போட்டா மரத்தின் தாழ்ந்த கொப்புக்குப் பக்கத்தில் பரண் கட்டி வைக்க வேண்டும். கன்றின் தண்டும் கொப்பும் ஒரே மொத்தமாக இருப்பது நல்லது. இரண்டிலும் ஒன்றை ஒன்று பார்க்கும் பக்கத்தில், நான்கு விரல் நீளத்துக்குப் பட்டையையும் சிறிது மரத்தையும் சேர்த்து ஒரே வெட்டாகச் சீவுங்கள். கத்தி சவரத்தகடு போலக் கூராக இருக்க வேண்டும். அறுத்து அறுத்து எடுத்த வெட்டு பொருந்தாது. சீவியவுடன் இரண்டு காயத்திலும் பால் பொங்கி வரும். இதில்தான் பலர் தவறுகிறார்கள். அந்தப் பால் வடிந்தபடியே இருக்கக் கட்டினால் அது இறுகி இரண்டுக்கும் நடுவே ஒரு தோலாகி, ஒட்டைப் பிரித்துவிடும். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள், மறுபடி வரும், மறுபடி ஒற்றுங்கள். வடிவது தணிந்ததும் வெட்டு முகம் காயுமுன் இரண்டையும் சேர்த்து, விரல் அகலப் பொலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுகச் சுற்றிவிடுங்கள். கீழிருந்து சுற்றினால் ஓட்டின் மேல் ஓடு படிவது போல நாடா படியும், மழைநீர் உள்ளே இறங்காது.

கட்டிய நாளிலிருந்து பையிலுள்ள கன்றுக்கு நீர் தவறக் கூடாது. இரண்டரை முதல் மூன்று மாதத்தில் ஒட்டு இறுகிவிடும். அதன் பிறகும் ஒரே நாளில் வெட்டிப் பிரிக்க வேண்டாம். ஒட்டுக்குக் கீழே தாய்க்கொப்பில் பாதி ஆழம் வெட்டிவிட்டு, இரண்டு கிழமை பார்த்து, இலை வாடவில்லையென்றால் மீதியை வெட்டலாம். ஒட்டுக்கு மேலே நிற்கும் பாலையின் தலையையும் அப்போது நீக்க வேண்டும். பிரித்த கன்றை ஒரு மாதம் நிழலில் வைத்திருந்து, பின்னர் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

கைப்பழக்கம் வந்தவர்கள் ஆப்பு ஒட்டுச் செய்யலாம். ஒட்டுக்கொப்பின் இலைகளை ஒரு கிழமைக்கு முன்னரே காம்பு மட்டும் நிற்கக் கிள்ளிவிட்டு, கணுக்கள் வீங்கத் தொடங்கும் தறுவாயில் அதனை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டியெடுத்து, அடியை இருபுறமும் சீவி, பாலைக் கன்றின் பிளந்த தண்டுக்குள் செருகி, பட்டையோடு பட்டை பொருந்தக் கட்டி, மேலே ஒளிபுகும் பொலித்தீன் உறை ஒன்றைக் கவிழ்த்துவிட வேண்டும். நான்கு முதல் ஆறு கிழமைக்குள் தளிர் தெரியும். தெரிந்தபின் உறையை எடுத்துவிடலாம்.

கன்றை விலைக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒட்டுக்கன்று என்று சொன்னால் மட்டும் நம்பிவிடாமல், அடித்தண்டைத் தடவிப் பாருங்கள். ஒட்டிய தழும்பு கையில் தட்ட வேண்டும். அதற்குக் கீழே பட்டையின் நிறமும் மேலே உள்ள நிறமும் வேறாகத் தெரியும். தழும்பு இல்லாத விதைக்கன்று காய்க்க ஆறு, எட்டு வருடங்கள் செல்லலாம். தாயைப் போலவே காய்க்கும் என்ற உறுதியும் இல்லை.

நடுதல்

வன்னியில் வருட மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையில் சிறிது பெய்யும். வைகாசி முதல் புரட்டாதி வரை வெயிலும் சோளகமும்தான். ஆகவே கிடங்கை ஆவணியில் வெட்டி, முதல் மழை நிலத்தில் இறங்கிய பின் ஐப்பசியில் நட்டால், கன்றுக்கு வேர்விட மூன்று மாத ஈரம் கிடைக்கும். தை மாதத்துக்குப் பிறகு நடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மேட்டுக்காணியின் செம்மண் இதற்கு மிக உகந்தது. கிரவல் கலந்த மண்ணிலும் வரும், ஆனால் அலவாங்கால் ஆழமாக உடைத்துவிட வேண்டும். வயலோரத்துத் தாழ்ந்த களிநிலத்தில், மாரியில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கும் இடத்தில், நடவேண்டாம். பாலையும் சப்போட்டாவும் வரட்சியைத் தாங்கும், தேங்கிய நீரைத் தாங்கா. பூநகரிப் பக்கம் போன்ற கரையோர இடங்களில் கிணற்று நீர் சற்று உவர்ப்பாக இருந்தாலும் வளர்ந்த சப்போட்டா பொறுத்துக்கொள்ளும். முதல் இரண்டு வருடங்களுக்கு மட்டும் நல்ல தண்ணீரைத் தேடி ஊற்ற வேண்டும்.

கிடங்கு நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் ஒரு மீற்றர் இருக்கட்டும். மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை இன்னொரு பக்கமும் குவித்து வைத்து, ஒரு மாதம் வெயில் காயவிட்டு, மேல்மண்ணோடு இரண்டு கடகம் நன்றாக மட்கிய மாட்டெருவும் ஒரு சிரட்டைச் சாம்பலும் கலந்து நிரப்புங்கள். மட்காத எருவும் காய்ந்த மரத்துண்டுகளும் கறையானை அழைத்து வரும். மரத்துக்கு மரம் எட்டு முதல் பத்து மீற்றர் இடைவெளி வேண்டும். சின்னக் கன்றைப் பார்க்கும்போது இது வீண் இடம் போலத் தோன்றும். இடையில் நான்கு வருடம் கச்சானோ பயறோ போட்டு எடுக்கலாம். நடும்போது ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேலே ஒரு சாணாவது நிற்க வேண்டும். சோளகத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கன்று சாயாதபடி தடி ஊன்றிக் கட்டுங்கள்.

கோடைக்கு நான் செய்வது, சுடுமண் பானையின் அடியில் ஊசித்துளை இட்டு, கன்றிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கழுத்தளவு புதைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பி மூடிவிடுவது. மேலே ஊற்றும் தண்ணீரில் பாதியை வெயில் குடித்துவிடும். பானைத் தண்ணீர் வேருக்குப் போகும். கன்றைச் சுற்றிக் கிளிசரியாக் குழையை வெட்டித் தடிப்பாகப் பரப்புங்கள், ஆனால் தண்டைத் தொடாமல் நான்கு விரல் விடுங்கள்.

வளவின் எல்லையிலும் இடமிருந்தால் இந்தக் குடும்பத்தின் மற்ற மரங்களையும் மறக்க வேண்டாம். இலுப்பை ஆற்றோரத்தையும் குளக்கட்டையும் விரும்பும் மரம். எங்கள் முன்னோர் அதன் பேரில் இலுப்பைக்கடவை, இலுப்பைக்குளம் என்று ஊர்களுக்கே பெயர் வைத்தார்கள். அதன் விதை எண்ணெய் கோயில் விளக்கில் எரிந்தது. பிண்ணாக்கு தலைமுழுக்குக்கு உதவியது. விதை விழுந்து இரண்டு கிழமைக்குள் மண்ணில் இட்டால்தான் முளைக்கும், எண்ணெய் நிறைந்த பருப்பு அதற்கு மேல் கெட்டுவிடும். மகிழ் மெதுவாக வளரும், சிறு வயதில் நிழலையும் பொறுக்கும். பூ காய்ந்த பின்னும் மணம் போகாது.

முதல் வருடங்களின் காவல்

ஒட்டுக்கு கீழிருந்து வரும் தளிரை மாதம் ஒருமுறை பார்த்துக் கிள்ள வேண்டும். இதை நான் படித்தது ஒரு மரத்தை இழந்துதான். நட்ட மூன்றாம் வருடம் வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லாமல் ஐந்தாறு மாதம் வளவுப் பக்கம் போகவில்லை. திரும்பிப் பார்த்தபோது கன்று முன்னிலும் செழிப்பாக, கரும்பச்சையாக நின்றது. மனம் மகிழ்ந்து அருகே போனால், இலையின் நுனி நடுவில் பள்ளம் விழுந்து வட்டமாக இருந்தது. சப்போட்டா இலையின் நுனி அப்படி இராது. பாலை தன் தளிரை எழுப்பித் தன்மேல் இருந்த சப்போட்டாவைப் பட்டினி போட்டுவிட்டது. ஒட்டுக் கொப்பு ஒரு காய்ந்த ஈர்க்காக உள்ளே நின்றது. அந்த மரம் இன்று நல்ல பாலை மரமாக நிற்கிறது, வெட்ட எனக்கு மனமில்லை.

முதல் இரண்டு வருடம் வரும் பூவை உதிர்த்துவிடுங்கள். பிறகு கத்தரிப்பு அதிகம் தேவையில்லை. நிலத்தைத் தொடும் கொப்பையும் காய்ந்ததையும் எடுத்தால் போதும். எருவை வருடம் ஒருமுறை, ஐப்பசி மழையோடு, கன்றுக்கு ஒரு கடகத்தில் தொடங்கி வளர்ந்த மரத்துக்கு ஐம்பது கிலோ வரை கூட்டி, கொப்பின் நிழல் விழும் வட்டத்தில் இடுங்கள். அடியில் கொட்டுவதால் பயனில்லை.

கட்டாக்காலி மாடுதான் இளங்கன்றின் முதற் பகை. வேலி இல்லாமல் நட எண்ணவே வேண்டாம். இலையைக் கூடாகப் பின்னி உள்ளிருந்து தின்னும் புழுவையும், மொட்டைத் துளைக்கும் புழுவையும் தொடக்கத்திலேயே கையால் எடுத்து அழிக்கலாம். இலை கரி பூசியது போலக் கறுத்தால் இலையின் கீழ்ப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே வெண்பஞ்சுப் பூச்சி இருக்கும், அதன் இனிப்புக் கழிவில்தான் அந்தக் கரும்பூஞ்சணம் படர்கிறது. சவர்க்காரம் கரைத்த நீரில் வேப்பெண்ணெய் கலந்து மாலையில் தெளித்தால் பூச்சி குறையும், கரியும் தானாக உரிந்துபோகும். குரங்கும் வௌவாலும் வரும் இடங்களில், பழத்தை மரத்தில் கனியவிடாமல் முற்றியவுடன் பறிப்பதே காவல்.

பறித்தல்

ஒட்டுமரம் மூன்றாம் நான்காம் வருடத்தில் காய்க்கத் தொடங்கும். பூவிலிருந்து காய் முற்ற நான்கு மாதமும் அதற்கு மேலும் ஆகும். சப்போட்டா மரத்தில் நிற்கும்போது முற்றியதும் முற்றாததும் ஒரே பழுப்பு நிறமாகத் தெரிவதால், பலர் பிஞ்சைப் பறித்துவிட்டு, இந்த மரம் துவர்க்கிறது என்று குறை சொல்வார்கள். காயின் மேலுள்ள தவிட்டுப்பொடி தேய்த்தவுடன் உதிர வேண்டும். பிறகு நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள்: கீறலில் பச்சை தெரிந்து பால் துளிர்த்தால் இன்னும் இரண்டு கிழமை விடுங்கள், மஞ்சள் தெரிந்து பால் வராமல் இருந்தால் பறிக்கலாம். காம்போடு பறித்து, பால் வடியும் வரை காம்பைக் கீழாக வைத்து, பின்னர் கழுவித் துடைத்து வைக்கோல் இட்ட பெட்டியில் ஒரே அடுக்காக வையுங்கள். ஐந்தாம் நாளில் இருந்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பாருங்கள். காம்படி மெத்தென்று இருந்தால் அது உண்ணத் தயார்.